கலையை நம்பி வன்னியில் வாழ முடியுமா? நீங்கள் விற்பது எது என்பதிலிருந்து தொடங்குவோம்

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு முறையும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளுக்குள் ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது. பிள்ளை சித்திரமோ நடனமோ நாடகமும் அரங்கியலுமோ எடுத்து நல்ல பெறுபேறு வைத்திருக்கும், அல்லது படிப்பை ஓரமாக வைத்துவிட்டு கமராவும் கணினியுமாகத் திரியும். "இதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று தகப்பன் கேட்பார். பிள்ளையிடம் தெளிவான பதில் இருக்காது. தகப்பனிடமும் மாற்று யோசனை இருக்காது. இதற்கிடையில் 'படைப்புத் தொழிற்றுறை', 'படைப்புப் பொருளாதாரம்' என்ற சொற்கள் மேடைப் பேச்சுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் அடிக்கடி வந்துபோகின்றன. கேட்கும் பெற்றோருக்கு அது ஏதோ கொழும்பு விசயம் போலவும், பிள்ளைக்கு நாளைக்கே டொலர் வரும் கதை போலவும் தெரிகிறது.

இரண்டும் சரியில்லை. அடியில் இருந்து பார்ப்போம்.

## முதலில் சொல்லைப் பிடிப்போம்

'படைப்புத் தொழிற்றுறை' என்ற சொல்லை அரச மட்டத்தில் பெரிதாகப் பரப்பியது பிரித்தானியா. 1998 இல் அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சு 13 துறைகளை ஒரே பட்டியலில் போட்டது. விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, திரைப்படம், இசை, நிகழ்த்துகலை, பதிப்பு, மென்பொருள் என்று அது போகும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக அவர்கள் கண்டது இரண்டு விசயம். ஒன்று, தனி மனிதரின் திறமையில் இருந்து பிறப்பவை. மற்றது, அறிவுசார் சொத்தை உருவாக்கி அதைப் பயன்படுத்துவதன் ஊடாகப் பணமும் வேலையும் தரக்கூடியவை. பிறகு ஐக்கிய நாடுகள் சபை 2021 ஐப் படைப்புப் பொருளாதாரத்துக்கான ஆண்டாக அறிவித்தது, அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துத் திட்ட அறிக்கைகளிலும் இந்தச் சொல் கூடுதலாக எட்டிப்பார்க்கத் தொடங்கியது.

அந்த வரைவிலக்கணத்தின் முதல் பாதியை, அதாவது 'திறமை' என்பதை, எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியை, 'சொத்து' என்பதை, எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வன்னியில் கலையால் வாழ முயல்பவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான் என்பது என் கணிப்பு.

கலைஞர் ஒருவர் விற்கக்கூடியவை மூன்றே மூன்று:

1. நேரம். கல்யாண வீட்டில் படம் எடுப்பது, திருவிழாவில் தவில் வாசிப்பது, நடன வகுப்பு எடுப்பது, சம்பளத்துக்கு ஆசிரியராக இருப்பது. வேலை செய்த நாளுக்குக் காசு. செய்யாத நாளுக்கு இல்லை.
2. பொருள். ஓவியம், பனையோலைக் கூடை, அச்சடித்த புத்தகம், தைத்த நடன உடுப்பு. ஒருமுறை செய்து ஒருமுறை விற்பது.
3. உரிமை. ஒரு பாட்டை, படத்தை, எழுத்தை, வடிவமைப்பை மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிப்பது. ஒருமுறை செய்ததைப் பலமுறை விற்கலாம்.

வன்னியில் நடக்கும் கலைத்தொழிலில் பெரும்பகுதி முதலாவது வகை, கொஞ்சம் இரண்டாவது. மூன்றாவதைக் காசு வாங்காமலே கொடுத்துவிடுகிறோம், அதுவும் கொடுக்கிறோம் என்று தெரியாமலே.

## நேரத்தை விற்பதன் எல்லை

இதற்குப் பொருளாதாரத்தில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1966 இல் வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் அரங்கக் கலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து சொன்னது இதுதான்: தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் முன்பு செய்ததைப் போல பத்து மடங்கு செய்வார், ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஒரு இசையை வாசிக்க இருநூறு வருசத்துக்கு முன்னும் நால்வர் வேண்டும், இன்றைக்கும் அதே நால்வர் அதே நேரம் வாசிக்க வேண்டும். மற்ற இடங்களில் கூலி ஏறும்போது கலைக்கான செலவும் ஏறுகிறது, விளைச்சல் மட்டும் ஏறுவதில்லை.

இதைக் காத்தவராயன் கூத்துக்குப் பொருத்திப் பாருங்கள். விடிய விடிய ஆடும் கூத்து அது. மாதக் கணக்கில் பழக்கம், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், மத்தளம், ஆர்மோனியம், உடுப்பு, ஒப்பனை, மேடை, வெளிச்சம். முன்னர் வயல்வேலை முடிந்த பிறகு ஊரே சேர்ந்து பழகியதால் நேரத்துக்கு விலை போடும் தேவை இருக்கவில்லை. இன்றைக்குப் பழக்கத்துக்கு வரும் பொடியன் ஒருவன் அன்றைய மேசன் வேலைக் கூலியை விட்டுவிட்டு வருகிறான். கூத்து மாறவில்லை, அவன் இழக்கும் கூலி மாறிவிட்டது. "இப்பத்தைப் பிள்ளைகளுக்குக் கலையில ஆர்வம் இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒளிப்பதிவு. வன்னியில் இளைஞர்கள் அதிகம் கால்வைக்கும் தொழில் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை, உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் படமும் வீடியோவும் அல்பமும் சேர்த்து 120,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைப்போம்.

- உதவியாளருக்கு 15,000
- அல்பம் அச்சுக்கு 30,000
- வாகனம் 8,000
- சாப்பாடு, மின்சாரம், டேட்டா என்று 5,000

மிச்சம் 62,000. சரி, இதுதான் லாபம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கமரா, லென்ஸ், லைற், கணினி எல்லாம் சேர்த்து 600,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள், நாலு வருசம் உழைக்கும் என்றால், வருசத்துக்கு 12 நிகழ்வு கிடைக்கும் புதிய ஆளுக்கு 48 நிகழ்வில் அந்தக் காசு திரும்ப வேண்டும். ஒரு நிகழ்வுக்கு 12,500. அதையும் கழித்தால் கையில் நிற்பது 49,500. அதுவும் எத்தனை நாள் உழைப்புக்கு? எடுப்பதற்கு இரண்டு நாள், படம் தெரிந்து திருத்த, வீடியோ வெட்ட ஆறு நாள், அல்பம் அடுக்க இரண்டு நாள், ஆக பத்து நாள்.

இப்போது வீட்டுக்காரர் "தம்பி, ஒரு இருபதைக் குறையுங்கோவன்" என்கிறார். 120,000 இல் 20,000 என்பது ஆறில் ஒரு பங்கு, பெரிய விசயமில்லை என்று தோன்றும். ஆனால் அல்பம் அச்சடிப்பவர் குறைக்கமாட்டார், உதவியாளரும் குறைக்கமாட்டார். அந்த 20,000 முழுவதும் உங்கள் 49,500 இல் இருந்துதான் போகிறது. கிட்டத்தட்ட 40 வீதம். பக்கத்து ஸ்ரூடியோவுடன் போட்டிபோட்டு விலையைக் குறைக்கும் பிள்ளைகள் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டாலே பாதி ஸ்ரூடியோக்கள் பூட்டப்படாமல் இருக்கும்.

அப்புறம், வன்னியில் காசு ஓடும் காலம் வேறு. பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் கொஞ்சம் காசு இருக்கும். சிறுபோகம் எல்லாக் குளத்தின் கீழும் எல்லா வருசமும் முழுதாக நடப்பதில்லை, இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது படப்பிடிப்பாளரின் வருமானத்தையும் தொடும். வெளிநாட்டில் இருந்து சொந்தங்கள் வருவது அங்கே பள்ளி விடுமுறை விடும் யூலை, ஓகஸ்டில். அதற்குள் ஆடி மாதம் குறுக்கே நிற்பதால் ஆவணி பிறந்ததும் சாமத்திய வீடுகளும் கல்யாணங்களும் ஒரே நெருக்கமாக வரும். மார்கழியில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு மாத வருமானத்தைப் பார்த்து லீசிங்கில் கமரா எடுக்காதீர்கள். தவணைக்குக் கல்யாண மாதம், கல்யாணம் இல்லாத மாதம் என்ற வேறுபாடு தெரியாது.

## சம்பள வழி: கலைத்துறையின் பெரிய முதலாளி பாடசாலை

6 ஆம் தரத்தில் இருந்து 9 ஆம் தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு அழகியல் பாடம் படிக்க வேண்டும். சாதாரண தரத்திலும் தொகுதிப் பாடங்களுக்குள் அது இருக்கிறது. அதனால் இலங்கையில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் படித்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஆகப்பெரிய இடம் அரச பாடசாலைதான். இந்த வழியில் போக விரும்புகிறவர்களுக்கு முக்கியமான படிகள்:

1. உயர்தரத்தில் கலைப்பிரிவில் அழகியல் பாடம். நடனம், சங்கீதம், சித்திரம் போன்ற பட்டப்படிப்புகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, பல்கலைக்கழகம் நடத்தும் செயன்முறைத் தேர்விலும் சித்தியடைய வேண்டும். இதற்கான விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருசத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும், பாடசாலை அதைச் செய்ய வேண்டும்.
2. தமிழ் மொழியில் படிக்க அருகில் உள்ளது மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலை என்று நாம் பழகிய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதி. கிழக்கில் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். வன்னிக்குள் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்குகிறது, ஆனால் அது வேறு துறைகளில் ஊன்றியது.
3. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள்.
4. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், ஆசிரியர் தரம், கலாவித்தகர் பட்டம். இவை வகுப்பு நடத்துவதற்கு ஊரில் மதிப்புத் தருபவை. பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பதிலாக இவற்றை வைத்து அரச நியமனம் கிடைக்கும் என்று எண்ணி இருக்கக்கூடாது, ஒவ்வொரு ஆட்சேர்ப்பு அறிவித்தலிலும் கேட்கப்படும் தகைமையை வாசித்துப் பாருங்கள்.

பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர் பதவியும் இருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு.

இந்த வழியின் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டம் முடித்தபின் நியமனம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. அந்த நாலைந்து வருசத்தில் கை துருப்பிடித்துவிடுகிறது, நியமனம் வரும்போது ஆசிரியர் கிடைக்கிறார், கலைஞர் போய்விடுகிறார். சம்பளம் வரும்வரை மட்டுமல்ல, வந்த பிறகும் மற்ற இரண்டு வழிகளிலும் ஒரு கால் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

பட்டமே இல்லாமல் கணினி வரைகலை போன்ற வேலையைக் கையால் கற்றவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. தேசிய தொழிற்தகைமை என்ற முறையில் 1 இல் இருந்து 7 வரை மட்டங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைகளைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டு மட்டம் 3 அல்லது 4 சான்றிதழ் பெறும் ஏற்பாடும் அதற்குள் உண்டு. வெளிநாடு போக எண்ணுகிறவர்களுக்கும் வங்கிக் கடன் கேட்பவர்களுக்கும் இந்தக் காகிதம் உதவும்.

## பொருள்: அஞ்சலிப் பதாகையில் இருந்து புத்தகம் வரை

எங்கள் ஊர்களில் வடிவமைப்பு என்றால் அது அதிகமாக மரணத்துடனும் திருவிழாவுடனும் வருகிறது. ஒருவர் இறந்தால் சில மணி நேரத்துக்குள் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும், 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவு மலர் வேண்டும். படம் துப்புரவாக்குவது, வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது, வெண்பாவோ ஒப்பாரியோ இயற்றுவது, பக்கம் அமைப்பது, பிழை திருத்துவது, அச்சு. ஒரு மலருக்குள் ஐந்து கலைத்தொழில் இருக்கிறது. ஆனால் கட்டணம் எப்படிப் போடுகிறோம்? பக்கத்துக்கு இவ்வளவு என்று, அச்சுக்கூலியாக. எழுதியவருக்கும் பிழை திருத்தியவருக்கும் "அது நம்மட மாஸ்ரர்தானே" என்று ஒன்றும் இல்லை. விலைப்பட்டியலில் எழுத்து, வடிவமைப்பு, அச்சு என்று மூன்று வரியாகப் பிரித்துக் காட்டினாலே வாடிக்கையாளருக்கு அது ஒரு வேலை என்று தெரியவரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு வரி எழுதினால் படம் போட்டுத் தருகின்றன. முதலில் பாதிக்கப்படுவது மாதிரி ஒன்றை எடுத்துப் பெயர் மாற்றிக் கொடுக்கும் பதாகை வேலை. முகத்தையும் ஊரையும் தெரிந்து எழுத வேண்டிய கல்வெட்டு அவ்வளவு இலகுவில் போகாது. இந்த இரண்டில் எதைக் கற்பது என்று முடிவெடுக்க இதுவே போதும்.

புத்தகத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வாங்குபவர்கள் தரும் காசில் அச்சுக்கூலி மீண்டால் அது வெற்றி என்ற நிலைதான் இன்னும். மிச்சப் பிரதிகள் அலுமாரிக்குள் போகின்றன. தேசிய நூலகத்தில் நூலுக்கான சர்வதேச இலக்கம் பெறாமல் அச்சடிக்காதீர்கள், பிறகு நூலகங்களுக்கும் கடைகளுக்கும் விற்க அது இல்லாமல் சிரமம்.

பனையோலை, பனைநார் வேலை செய்யும் பெண்களின் நிலை வேறு. விலை தீர்மானிப்பது இடையில் வாங்குபவர். கூடையின் வடிவம் உங்களுடையதாக இருந்தால், அதே வடிவத்தை வேறு இடத்தில் செய்விக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அங்கேயும் வருகிறது. அந்த இடத்துக்குத்தான் வருகிறோம்.

## உரிமை: சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு கலைஞர் அதில் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்:

1. பதிவு தேவையில்லை. பாட்டையோ படத்தையோ எழுத்தையோ நீங்கள் படைத்த அந்த நேரத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கும் போய் முத்திரை குத்த வேண்டியதில்லை. எப்போது படைத்தீர்கள் என்று காட்டும் மூலப் பைல்களையும் திகதியையும் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.
2. காலம். படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருசமும். அதாவது உங்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இது சொத்து. காணியைப் போல.
3. இரண்டு வகை உரிமை. காசு சம்பந்தப்பட்ட பொருளியல் உரிமையை மற்றவருக்கு மாற்றலாம். பெயர் போடச் சொல்லும் உரிமை, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை ஆகியவை தார்மீக உரிமைகள். உயிருடன் இருக்கும்வரை இவற்றை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.
4. வேலைக்காரர் என்றால் வேறு. மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் இருந்து அந்த வேலையின் பகுதியாகப் படைத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், பொருளியல் உரிமை முதலாளிக்கு.
5. மாற்றுவது எழுத்தில். உரிமையை மாற்றுவதும் அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். "அண்ணை வாயால சொன்னவர்" என்பது போதாது.
6. நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு. பாட்டை எழுதாவிட்டாலும் பாடியவருக்கும் ஆடியவருக்கும் தங்கள் நிகழ்வைப் பதிவுசெய்ய அனுமதிக்கவோ மறுக்கவோ உரிமை இருக்கிறது. அதன் காலம் 50 வருசம்.

இதை ஊர் உதாரணத்தில் வைப்போம். ஒரு கோயிலுக்குப் பக்திப்பாடல் இறுவட்டு வெளியிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் செலவைப் பொறுப்பேற்கிறார். பாடலாசிரியர் ஊரவர், இசை கிளிநொச்சியில் ஒரு பொடியன், பாடியவர் ஒரு ஆசிரியை. காசு கொடுத்தவர் தன் பெயரில் இணையத்தில் ஏற்றுகிறார். மூன்று வருசம் கழித்து அந்தப் பாட்டு எல்லாத் திருவிழாவிலும் ஒலிக்கிறது, வீடியோக்களின் பின்னணியில் ஓடுகிறது. வருமானம் வந்தால் யாருக்கு? செலவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது உரிமை இருக்கலாம், ஆனால் பாடல்வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுத்தில் மாற்றாதவரைக்கும், படைத்தவர்களுடையது. ஒரு பக்கக் கடிதம் போதும்: யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது, எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை வருசத்துக்கு, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு, எல்லா இடத்திலும் பெயர் வர வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையொப்பமிட்டுத் திகதி போடுங்கள். கோயில் காரியத்துக்குக் கடிதமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உபயகாரர் பட்டியலை எழுதி ஒட்டுகிற கோயிலில் பாடல் எழுதியவர் பெயரை எழுதி வைப்பதில் தவறென்ன இருக்கிறது?

கல்யாணப் படங்களுக்கும் இதே விதி. சுதந்திரமாகத் தொழில் செய்பவர் எடுத்த படத்தின் உரிமை, எழுத்தில் மாற்றாவிட்டால், அவருடையது. ஆனால் அதற்காகச் சாமத்திய வீட்டுப் படத்தை விளம்பரத்துக்குப் பேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்று ஆகாது. அது ஒரு சிறுமியின் முகம். பெற்றோரிடமும் அந்தப் பிள்ளையிடமும் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடுவது சட்டத்துக்கு முன் மனிதத்தன்மைக்கே சரியில்லை.

## யூரியூப் காசு உண்மையில் எப்படி வருகிறது

விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். அல்லது குறுங்காணொளிகள் 90 நாளில் 10 மில்லியன் தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நீளமான காணொளியில் வரும் விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு இரகசிய இலக்கம் தபாலில் வரும். வீட்டு இலக்கமும் வீதிப்பெயரும் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் தபாற்காரரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. 100 டொலர் எட்டிய பிறகுதான் வங்கிக்கு அனுப்புவார்கள்.

எந்த நாட்டில் இருந்து பார்க்கிறார்கள் என்பது தொகையை மாற்றும். கனடாவிலோ சுவிஸிலோ இருந்து பார்ப்பவருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு விலை அதிகம், அதனால் புலம்பெயர்ந்தவர்கள் பார்க்கும் ஊர்க் காணொளி குறைந்த பார்வையிலும் கொஞ்சம் கூடுதலாகத் தரும். அமெரிக்காவில் இருந்து வரும் பார்வைகளின் வருமானத்தில் வரி பிடிக்கப்படும், வரிப்படிவம் நிரப்பாவிட்டால் மற்ற நாட்டு வருமானத்திலும் பிடிப்பார்கள், ஆகவே அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

திருவிழா வீடியோவின் பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால், தானியங்கி அதைக் கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். உரிமையாளர் முறைப்பாடு செய்து காணொளி நீக்கப்பட்டால் அது எச்சரிக்கை, 90 நாளுக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் அலைவரிசையே போய்விடும். உங்களிடம் உரிமை உள்ள நாதஸ்வரமும் தவிலும், கலைஞருக்குப் பங்கு கொடுத்து ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தால், இந்தத் தலையிடியே இல்லை.

பாட்டு மட்டும் வெளியிடுபவர்களுக்கு: ஸ்பொற்றிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்தது. அங்கே நேரடியாக ஏற்ற முடியாது, விநியோக நிறுவனம் ஒன்றின் ஊடாகப் போக வேண்டும். கடந்த 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அங்கே காசு இல்லை. இது பெருந்தொகை தரும் இடம் என்று எண்ணாதீர்கள், உங்கள் பெயர் பாட்டுடன் ஒட்டிக்கொண்டு பயணிக்கும் இடம் என்று எண்ணுங்கள்.

## காகித வேலை

சலிப்பானது, ஆனால் இதில் நழுவினால் மேலே சொன்ன எதுவும் கைக்கு வராது.

1. வணிகப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் செய்யலாம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் போங்கள். நிறுவனங்களும் திணைக்களங்களும் பதிவு இல்லாதவரிடம் விலைமனு கேட்பதில்லை.
2. வணிகப் பெயரில் வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக் கணக்குடன் கலக்க வேண்டாம். வருசத்துக்கு ஒருமுறை உங்கள் உண்மையான வருமானத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.
3. வரி இலக்கம். இலக்கம் எடுப்பதும் வரி கட்டுவதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் விடுதொகை வருசத்துக்கு 1,800,000 ரூபாய். அதற்குக் கீழே வருமானம் உள்ளவர் வருமான வரி கட்டத் தேவையில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வரும் வருமானத்துக்கு, விடுதொகைக்கு மேல், ஆகக்கூடியது 15 வீதம். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாறும் உண்டியலில் எடுத்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது, கடன் கேட்கும்போது காட்டவும் ஒன்றும் இருக்காது.
4. பேச்சுப்பணம். வேலை ஒப்புக்கொள்ளும் அன்றே பாதி. சொந்தக்காரராக இருந்தாலும். மிச்சம் அல்பமோ பைலோ கைமாறும்போது. வெளிநாட்டில் இருந்து "வந்து தாறன்" என்பவர்களின் கணக்கு, விமானம் ஏறிய பிறகு முடிவதில்லை.

## கூத்து யாருடையது?

கடைசியாக, வன்னிக்கென்றே உரிய ஒன்று. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் அரிவிவெட்டுப் பாடல்களும் ஒரு ஆள் எழுதிப் பதிப்புரிமை வைத்திருப்பவை அல்ல. அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டாரியல் வெளிப்பாடுகளைத் தனியாகப் பாதுகாக்கிறது. வணிக நோக்கத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதிசெய்யவும் பரப்பவும் தழுவவும் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும், அதில் திரளும் பணம் பண்பாட்டு மேம்பாட்டுக்குப் போக வேண்டும் என்கிறது அது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆடுகிறவரின் கைக்கு நேரடியாக ஒன்றும் வராத ஏற்பாடும் அதுதான்.

நடைமுறையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கூத்து நடக்கும் இரவில் நாலு கமரா நிற்கும். ஒன்று உள்ளூர் அலைவரிசை, ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்தவர், ஒன்று ஆய்வுக்கென்று வந்தவர். விடிந்ததும் எல்லோரும் போய்விடுவார்கள். அண்ணாவியாரிடம் அந்த இரவின் ஒரு பிரதிகூட இருக்காது. போரில் கொப்பிகளும் உடுப்புகளும் வாத்தியங்களும் இழந்து, மனதில் இருந்ததை மீட்டு மறுபடி எழுதிய மனிதர்கள் இவர்கள். அவர்களிடம் இருந்து மறுபடியும் வெறுங்கையுடன் எடுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

மரபுக் கதை பொதுவானது, ஆனால் அன்றிரவு ஆடியவரின் நிகழ்வு அவருடையது. மேலே ஆறாவது இலக்கத்தில் சொன்ன நிகழ்த்துபவர் உரிமை இங்கேதான் பயன்படும், அதுவும் கமரா ஓடத் தொடங்கும் முன்பு. கூத்துக் குழுக்கள் ஒரு பக்கத் தாள் ஒன்றை அச்சடித்து வைத்திருந்து, மேடைக்கு முன் கமரா வைக்க வருபவரிடம் கையொப்பம் வாங்கலாம். அதில் நாலு வரி போதும்: பதிவின் முழுப் பிரதி ஒன்று ஏழு நாளுக்குள் குழுவுக்கு வர வேண்டும். அண்ணாவியாரின் பெயரும் ஆடியவர்களின் பெயரும் பக்கவாத்தியக்காரர் பெயரும் காணொளியில் வர வேண்டும். வருமானம் ஈட்டும் தளத்தில் ஏற்றினால் பங்கு இவ்வளவு. வேறு எவருக்கும் விற்பதாக இருந்தால் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கையொப்பம் இட மறுப்பவருக்கும் கூத்துப் பார்க்க இடம் உண்டு, சனத்தோடு சனமாகப் பாயில், கமரா இல்லாமல்.